நாளை அறிந்த பிள்ளையும் பிள்ளையை அறிந்த ஊரும்

(நூலகக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆட்டிசம் என்னும் நிலையைப் பற்றி மேடைகளில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் குழந்தைப் பருவத்தையும், அப்பருவத்தில் அளிக்க வேண்டிய பயிற்சிகளையும், அப்பயிற்சிகளை அளிக்கும் நிபுணர்களையும் பற்றி விஸ்தாரமாகச் சொல்லிவிட்டு, அந்தக் குழந்தை நாளை வளர்ந்து ஆளாகி, தெருவில் நடந்து, கடையில் சாமான் வாங்கி, உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய், ஏதேனும் ஒரு தொழிலைச் செய்து, பெற்றோரை இழந்து, தானும் முதுமை எய்தப் போகிறது என்னும் உண்மையைத் தொடாமலே உரையை முடித்துக்கொள்கிறார்கள். பயிற்சிகள் வேண்டியவை என்பதில் எனக்கு ஐயமே இல்லை. சிறப்புப் பள்ளி ஆசிரியனாகவே என் காலத்தைக் கழித்தவன் நான். ஆயினும் ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம் இருக்க, அதில் பயிற்சி அறைக்குள் கழிவது சொற்ப நேரமே என்பதையும், எஞ்சிய நேரமெல்லாம் அடுக்களைக்கும் வாசலுக்கும் பேருந்து நிலையத்துக்கும் சலூனுக்கும் உரியது என்பதையும் நாம் மறக்கலாகாது. அந்த எஞ்சிய நேரத்தைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

ஆட்டிசம் ஒரு வியாதி அன்று. ஆகவே அதற்கு மருந்தும் இல்லை. மூளையின் வளர்ச்சியிலேயே, பெரும்பாலும் பிறப்பதற்கு முன்பிருந்தே, அமைந்துவிடுகிற ஒரு வேறுபாடு அது. பிறரோடு பழகும் முறை, மொழியைக் கையாளும் விதம், ஒளி ஒலி ஸ்பரிசம் முதலியவற்றை உணரும் அளவு, பழகிய ஒழுங்கின்மேல் உள்ள பிடிப்பு ஆகியவற்றில் அந்த வேறுபாடு வெளிப்படுகிறது. ஒருவர் வாழ்நாள் முழுதும் ஒரு சொல்லும் பேசாதிருக்கலாம். மற்றொருவர் கல்லூரியில் பாடம் நடத்தலாம். இருவருமே ஆட்டிச நிலையினராக இருக்கக்கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்புப்படி 2021-ஆம் ஆண்டில் உலக மக்களில் ஏறத்தாழ 127 பேருக்கு ஒருவர் இந்நிலையினர். அப்படியானால் நம் ஒவ்வொருவருடைய தெருவிலும், நம் உறவினரிடையேயும், அடையாளம் காணப்பட்டோ காணப்படாமலோ, அவர்கள் இருக்கிறார்கள் என்றே கொள்ள வேண்டும். பெண்களிடையே இது பல வருஷங்கள் கண்டறியப்படாமலே போய்விடுவதும் உண்டு.

ஒரு மனிதருடைய சரித்திரத்தைச் சொல்லி என் கருத்தை விளக்க அனுமதி தாருங்கள். 1943-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் குழந்தைகளுக்கான மனோவைத்தியராக இருந்த லியோ கானர், தாம் கண்ட 11 குழந்தைகளைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். அவருக்கு முன்பே, 1920-களில், ருஷ்ய மருத்துவர் குருன்யா சுகரேவா இத்தகைய குழந்தைகளைக் கண்டு எழுதியிருந்தும் உலகம் அதைக் கவனிக்கத் தவறிவிட்டது. கானரின் கட்டுரையே ஆட்டிசத்தைப் பற்றிய அறிவுக்கு வாயில் திறந்தது. அக்கட்டுரையில் முதலாவதாக வருகிற குழந்தையின் பெயர் டொனால்ட் டிரிப்லெட். மிசிசிப்பி மாகாணத்தில் ஃபாரஸ்ட் என்னும் சிற்றூரில் 1933-இல் பிறந்தவர். தந்தை வழக்கறிஞர், தாயின் குடும்பம் அவ்வூரின் வங்கியை நடத்திய குடும்பம். குழந்தை பெற்றோரின் அழைப்புக்குத் திரும்பிப் பார்க்கவில்லை. பானைமூடி, தட்டு, கட்டை என எதைக் கண்டாலும் சுழற்றிவிட்டுக் களித்தது. குளிக்க ஆசை வந்தால் ‘உனக்குக் குளிக்க வேண்டுமா?’ என்று தாய் தன்னிடம் கேட்கும் கேள்வியையே திருப்பிச் சொன்னது. அக்காலத்து மருத்துவர்களின் யோசனைப்படி, மூன்று வயதிலேயே அக்குழந்தையை வீட்டிலிருந்து பிரித்து ஒரு விடுதியில் சேர்த்தார்கள். ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின், மருத்துவர்கள் தடுத்தும் கேளாமல், பெற்றோர் அவனை மீட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். தந்தை தம் மகனைப் பற்றித் தட்டச்சில் 33 பக்கம் எழுதிக் கானருக்கு அனுப்பினார். அந்தக் கடிதத்தின் நுட்பமான விவரங்களைக் கானர் தம் கட்டுரைக்கு ஆதாரமாகக் கொண்டார் என்பதை நினைக்கும்போது, ஆட்டிசத்தைப் பற்றிய முதல் ஆராய்ச்சியாளர்களுள் ஒரு தகப்பனாரையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் நான் உங்கள் கவனத்தை வேண்டுவது மருத்துவமனைக் கதைக்கு அன்று. 1942-இல், டொனால்டுக்கு ஒன்பது வயதானபோது, ஊரிலிருந்து சில மைல் தொலைவில் ஒரு பண்ணையில் வாழ்ந்த லூயிஸ் தம்பதியரிடம் பெற்றோர் அவனை ஒப்படைத்தார்கள். அவர்கள் பிள்ளையில்லாத குடியானவர்கள். மனோதத்துவம் பயின்றவர்கள் அல்லர். அப்போது சிறுவனுக்கு அளப்பதிலும் எண்ணுவதிலும் அடங்காத மோகம். அதை ஒரு கெட்ட பழக்கமாகக் கருதி அடக்குவதற்குப் பதிலாக, அவர்கள் அவனைக் கிணறு தோண்டச் செய்து, அதன் ஆழத்தை அளந்து சொல்லும் பொறுப்பையும் அவனுக்கே கொடுத்தார்கள். சோளக் கொல்லையில் வரிசைகளைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டே நின்றவனிடம் ஏரைக் கொடுத்து, உழுதுகொண்டே எண்ணச் சொன்னார்கள். செத்த பறவைகளையும் பூச்சிகளையும் அவன் சேகரிக்கத் தொடங்கியபோது, அருவருப்படையாமல், தோட்டத்தில் ஒரு மூலையை மயானமாக ஒதுக்கிக் கொடுத்தார்கள். அவன் ஒவ்வொன்றையும் அடக்கம் செய்து, ஒரு பெயரும், அப்பிராணியின் இனமும், கடைசியில் லூயிஸ் என்ற குடும்பப் பெயரும் எழுதிய அடையாளப் பலகை நட்டான். செத்துப்போன நத்தைக்கும் தன்னை வளர்ப்பவரின் குடும்பப் பெயரைச் சூட்டிய அந்தச் சிறுவனைத் தன்னுலகில் மட்டுமே வாழ்பவன் என்று யார் சொல்ல முடியும்! 1945-இல் கானர் நேரில் போய்ப் பார்த்தபோது, டொனால்ட் குதிரையைப் பூட்டிய ஏரைப் பிடித்து ஆறு நீண்ட சால் உழுது, ஒவ்வொரு சாலின் முடிவிலும் குதிரையை லாகவமாகத் திருப்பினான். அந்தக் குடியானவத் தம்பதியரின் புத்திநுட்பத்தைப் பிற்காலத்தில் கானர் மனமாரப் பாராட்டி எழுதியிருக்கிறார்.

டொனால்ட் பின்னர் ஊர்ப் பள்ளியில் படித்து, மில்சாப்ஸ் கல்லூரியில் 1958-இல் பிரெஞ்சு மொழியில் பட்டம் பெற்று, ஊருக்குத் திரும்பி, குடும்ப வங்கியிலேயே வேலைக்கு அமர்ந்து, ஏறத்தாழ தம் வாழ்நாள் இறுதிவரை அங்கேயே பணி செய்தார். இருபதுகளில் கோல்ஃப் விளையாடக் கற்றார். 27-ஆம் வயதில் கார் ஓட்டக் கற்றார். முப்பத்தைந்து வயதுக்கு மேல் தனியாகவே பல தேசங்களுக்குப் பிரயாணம் செய்யத் தொடங்கினார். ஐந்து வயதுக்குள் வராதது இனி வரவே வராது என்று சொல்லிப் பெற்றோரைக் கலங்கடிக்கும் நிபுணர்கள் இந்த வயதுக் கணக்கைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம் தம் 89-ஆம் வயதில் டொனால்ட் காலமானார்.

இவருடைய கதையை உலகறியச் செய்தவர்கள் ஜான் டோன்வன், கேரன் சக்கர் என்னும் இரு பத்திரிகையாளர்கள். அவர்கள் ஃபாரஸ்டுக்குப் போய் டொனால்டைப் பற்றி விசாரித்தபோது, ஊரார் பிரியமாகப் பேசிவிட்டு, டொனால்டுக்கு உங்களால் ஏதேனும் தீங்கு நேர்ந்தால் உங்களைத் தேடிப் பிடிக்கும் வழி எங்களுக்குத் தெரியும் என்று எச்சரிக்கையும் செய்தார்களாம். அவ்வூரில் டொனால்டைப் பற்றி ஒரு கதை நெடுங்காலமாக வழங்கிவந்தது: பள்ளிக்கூடத்து முகப்புச் சுவரில் உள்ள செங்கற்கள் எத்தனை என்று மாணவர்கள் கேட்க, அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு உடனே ஓர் எண்ணைச் சொன்னார் என்பது கதை. பல பத்தாண்டுகள் கழித்துப் பத்திரிகையாளர்கள் அதைப் பற்றிக் கேட்டபோது, அந்த எண்ணைத் தாமே கற்பித்துச் சொன்னதாக அவர் ஒப்புக்கொண்டார். அந்தப் பையன்கள் தம்மை நல்லவிதமாக நினைக்க வேண்டும் என்பதே அதற்குக் காரணம் என்றார். ஆட்டிச நிலையினருக்குப் பிறருடைய அன்பிலும் மதிப்பிலும் ஆசையில்லை என்று எழுதிவைத்திருக்கும் புத்தகங்கள் அனைத்தையும்விட இந்த ஒரு வார்த்தையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

டொனால்டின் குடும்பம் செல்வக் குடும்பம் என்பதையும், நிறவேற்றுமை சட்டமாக இருந்த அக்காலத்து மிசிசிப்பியில் வெள்ளையர் குடும்பம் என்பதையும் மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. அதே வட்டாரத்தில் பிறந்த ஒரு கறுப்பினக் குழந்தைக்கோ ஏழைக் குழந்தைக்கோ கல்லூரியும் வங்கி வேலையும் கிடைத்திருக்க மாட்டா. கானர் 1971-இல் அந்த 11 பேரின் பிற்கால நிலையை விசாரித்து எழுதியபோது, அரசாங்கக் காப்பகங்களில் அடைக்கப்பட்டவர்கள் இருந்த திறமைகளையும் இழந்து ஒடுங்கிப்போனதை வேதனையோடு குறிப்பிட்டார். பணம் சிலவற்றைச் சாதித்தது, மெய்தான். ஆனால் ஏரைக் கையில் கொடுத்து எண்ணச் சொன்ன புத்தி பணத்தால் வந்ததன்று. அது அந்தப் பிள்ளையை நாள்தோறும் உற்றுப் பார்த்ததால் வந்தது.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். எல்லாம் மாறாமல் அப்படி அப்படியே இருக்க வேண்டும் என்னும் தவிப்பை இக்குழந்தைகளின் முக்கிய லட்சணங்களுள் ஒன்றாகக் கானர் அன்றே குறித்தார். அந்தத் தவிப்பைப் பிடிவாதம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பிறர் முகக் குறிப்பிலிருந்தும் பேச்சின் சாடையிலிருந்தும் அடுத்து என்ன நடக்கப் போகிறது என்பதை நாம் கணந்தோறும் ஊகித்துக்கொண்டே இருக்கிறோம். அந்த ஊகம் எளிதில் கைகூடாத ஒருவருக்கு ஒவ்வொரு நாளும் அறிவிப்பின்றி வந்து மோதும் சம்பவங்களின் கூட்டமாகவே இருக்கும். அத்தகையவர் பழகிய ஒழுங்கைப் பற்றிக்கொள்வது பயத்துக்கு அவர் தாமே கண்டுகொண்ட பரிகாரம். ஆகவே நாம் செய்யக்கூடிய முதல் உதவி, இன்று என்ன நடக்கும், அது எப்போது முடியும், பிறகு என்ன என்பதை அவர் கண்ணால் கண்டு தெரிந்துகொள்ளும்படி செய்வதே. வட கரோலினாவில் எரிக் ஷாப்லர் 1972-இல் மாகாணம் முழுவதற்குமாக நிறுவிய டீச் என்னும் திட்டம் இந்த அடிப்படையில் எழுந்ததுதான். காதால் கேட்பதைவிடக் கண்ணால் காண்பதைத் தெளிவாகக் கிரகிக்கும் இயல்பு இவர்களில் பலருக்கு உண்டு என்பதை அறிந்து, படங்களால் ஆன நாளட்டவணையை அவர்கள் வகுத்தார்கள்.

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஒரு நீள அட்டை. அதில் மேலிருந்து கீழாக, பல் துலக்குவது, குளிப்பது, இட்லி, பள்ளிச் சீருடை, வேன் என்று வரிசையாக ஒட்டி எடுக்கத்தக்க சிறு படங்கள். அடியில் ஓர் அட்டைப்பெட்டி. ஒவ்வொரு காரியமும் முடிந்தவுடன் குழந்தையே அந்தப் படத்தை எடுத்துப் பெட்டியில் போட வேண்டும். படம் அவனுடைய வீட்டுக் குளியலறையையும் அவன் ஏறும் வேனையும் எடுத்த புகைப்படமாக இருந்தால் மிகவும் உத்தமம். வேன் வராத நாளுக்கென்று, நிறத்தால் வேறுபட்ட ‘மாற்றம்’ என்னும் அட்டை ஒன்றும் தனியே வேண்டும். இந்த மாற்ற அட்டையை முதன்முதலில் துக்கமான மாற்றத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. இட்லிக்குப் பதில் அவன் விரும்பும் பூரி, வீட்டுப்பாடத்துக்குப் பதில் ஊஞ்சல் என்று சந்தோஷமான மாற்றங்களுக்குச் சில தடவை அதைக் காட்டிப் பழக்கிவிட்டால், மாற்றம் என்பது எப்போதும் கெடுதியன்று என்பதை அந்த அட்டையே அவனுக்குச் சொல்லிக் கொடுத்துவிடும். மின்வாரியம் முன்கூட்டி அறிவிக்கும் பராமரிப்பு மின்தடையைக்கூட அட்டவணையில் இடம்பெறச் செய்த தாய்மாரை நான் அறிவேன்; மின்விசிறி நின்றதும் அலறுகிற பிள்ளை, படத்தில் கண்டபடி மின்விசிறி நின்றது என்று கண்டு அமைதியாக அமர்ந்திருந்ததை அவர்கள் சொல்லக் கேட்டுமிருக்கிறேன். வளர்ந்தவர்களுக்கு இதே அட்டவணை ஒரு நாட்குறிப்பாகவோ கைபேசி நினைவூட்டலாகவோ மாறலாம். ஆனால் வயது வந்துவிட்டது என்ற காரணத்தால் அதைப் பறிப்பது அநியாயம்.

சொல்லாமல் கொள்ளாமல் வரும் விருந்தினரை வரவேற்பது நம் நாட்டுப் பண்பு. இத்தகைய பிள்ளை இருக்கும் வீட்டுக்குப் போகிறவர்கள் மட்டும், தயவுசெய்து, ஒரு மணி நேரம் முன்னதாகவேனும் தெரிவித்துவிட்டுப் போக வேண்டும்.

அடுத்து, புலன்களின் விஷயம். நமக்குக் கேட்டும் கேளாததாகப் போய்விடுகிற மிக்ஸியின் இரைச்சல், சட்டைக் கழுத்தில் உறுத்தும் துணிச்சீட்டு, சோற்றோடு கலந்துவிட்ட குழம்பின் குழைவு, இவையெல்லாம் சிலருக்குப் பொறுக்க முடியாத வேதனையைத் தருகின்றன. வேறு சிலருக்கோ வெந்நீர் சுடுவதும் அடிபட்ட காயம் வலிப்பதும்கூட உறைப்பதில்லை. இதில் பாசாங்கு ஏதும் இல்லை. சலூன் நாற்காலி ஒன்றை எண்ணிப் பாருங்கள்: முன்பின் தெரியாத ஒருவர் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார், கழுத்தைச் சுற்றித் துணி இறுக்கப்படுகிறது, தலையில் திடீரென்று தண்ணீர் பீய்ச்சுகிறது, காதோரத்தில் மிஷின் இரைகிறது, வெட்டுண்ட மயிர் பிடரியில் விழுந்து குத்துகிறது, மேலே தொலைக்காட்சியில் ஒரு பாட்டு. இதைத் தாங்காமல் துடித்தெழும் சிறுவனை நான்கு பேர் அமுக்கிப் பிடித்து முடி வெட்டுவதை நம் ஊர்களில் நாம் கண்டிருக்கிறோம்.

எனக்குத் தெரிந்த சலூன்காரர் ஒருவர் இதற்கு வேறு வழி கண்டார். கூட்டமில்லாத ஒரு பிற்பகலில் வரச் சொல்லி, தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, முதல் நாள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போனால் போதும் என்றார். மறுமுறை வெறும் சீப்பு. அதற்கடுத்த முறை, கடைத்துணிக்குப் பதில் பையன் வீட்டிலிருந்து கொண்டுவந்த அவனுடைய துண்டையே போர்த்தி, மிஷினைத் தொடாமல் கத்தரிக்கோலை அவன் கையில் கொடுத்துப் பார்க்கச் செய்து, ‘பத்து எண்ணுறேன் தம்பி, பத்துல நிறுத்திடுவேன்’ என்று சொல்லி, எண்ணிக்கொண்டே வெட்டினார். பத்து என்றவுடன், ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் நின்ற முடியை அப்படியே விட்டுவிட்டுக் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். ‘இன்னும் கொஞ்சம்தானே, முடிச்சிடுங்க’ என்று தாய் கெஞ்சியபோது, ‘இல்லம்மா, சொன்ன வார்த்தையை மீறினா நாளைக்கு உட்கார மாட்டான், மீதியை அடுத்த வாரம் பார்த்துக்கலாம்’ என்றார். அந்தப் பிள்ளை இப்போது தனியாகவே அந்தக் கடைக்குப் போய் முடிவெட்டிக்கொண்டு வருகிறான். லூயிஸ் தம்பதியர் மிசிசிப்பியில் மட்டுமே பிறப்பதில்லை.

கல்யாண மண்டபங்களையும் கோயில் திருவிழாக்களையும் பற்றி இதே ரீதியில் யோசிக்கலாம். கெட்டிமேளம் எப்போது முழங்கும் என்பதை முன்னமே சொல்லிவைத்து, காதுகளை மூடும் கருவியை அணிவித்து, வாசலுக்கு அருகில் இடம் கொடுத்து, மண்டபத்தில் அமைதியான ஓர் அறையைத் திறந்துவைத்தால், இத்தகைய பிள்ளையின் குடும்பமும் முகூர்த்தத்தைக் கண்ணாரக் காணும். உறவுக் கல்யாணங்களுக்குப் போவதையே பல குடும்பங்கள் நிறுத்திவிட்டன. அழைத்தவர்கள் ஓர் அறையை ஒதுக்காததுதான் பெரும்பாலும் காரணம்.

பேச்சைப் பற்றிச் சில வார்த்தைகள். ஒரு தடவைக்கு ஒரு காரியத்தைச் சொல்லி, பதிலுக்குப் பொறுத்திருங்கள். பதில் வரத் தாமதமானால் அதே வார்த்தையை உரக்கச் சொல்வதாலோ வேறு விதமாகச் சொல்வதாலோ குழப்பம் அதிகரிக்குமேயன்றிக் குறையாது. சொன்னது எதுவோ அதையே அவர்கள் பொருளாகக் கொள்வார்கள். விடைபெறும்போது ‘வருகிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போவது நம் மரபு. அவ்வாறு சொல்லிப் போன மாமாவுக்காக இரவு வரை வாசற்படியில் காத்திருந்த ஒரு குழந்தை, மாமா பொய் சொன்னதாகவே நினைத்தது. ‘அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்’ என்று சொன்னால் ஐந்தாம் நிமிஷத்தில் வந்து நிற்க வேண்டும். கண்ணைப் பார்த்துப் பேசு என்று முகவாயைப் பிடித்துத் திருப்புவது கூடாது. பலருக்குக் கண்ணைப் பார்த்தால் காதால் கேட்க இயலாது. கையை உதறுவதும் உடலை முன்னும் பின்னும் ஆட்டுவதும் அவர்கள் தம்மைத் தாமே சாந்தப்படுத்திக்கொள்ளும் வழி. அதனால் யாருக்கும் கெடுதி நேராதபோது அதைத் தடுக்க நமக்கு உரிமையும் இல்லை. தொலைக்காட்சி விளம்பரத்தின் வரிகளையே திரும்பச் சொல்லும் பிள்ளை பெரும்பாலும் அவற்றால் எதையோ நமக்குத் தெரிவிக்கிறான்; டொனால்ட் குளிக்க ஆசைப்பட்ட விதத்தை நினைவுகூருங்கள்.

சொல்லே வராதவர்களுக்குப் படங்களாலும், எழுத்தட்டைகளாலும், கருவிகளாலும் பேச வழி உண்டு. சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கிய ‘ஆவாஸ்’ என்னும் செயலியில் படத்தைத் தொட்டால் அது தமிழிலும் குரலாக ஒலிக்கிறது. இத்தகைய சாதனங்களைக் கொடுத்தால் பிள்ளை பேசாமலே இருந்துவிடுவானோ என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள்; அந்த அச்சத்துக்கு ஆராய்ச்சிகளில் ஆதாரம் இல்லை, சிலருக்கு அவற்றால் பேச்சு வளர்ந்ததும் உண்டு. ஆட்டிச நிலையினரான டேமியன் மில்டன் என்னும் ஆங்கிலேயச் சமூகவியலாளர் 2012-இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: ஆட்டிச நிலையினர் பிறரைப் புரிந்துகொள்வதில்லை என்கிறோமே, பிறரும் அவர்களைப் புரிந்துகொள்வதில்லையே, குறை இருபக்கத்ததாயிற்றே, என்று. அதை ஏற்றுக்கொண்டால் கற்க வேண்டிய கடமை நமக்கும் வந்துவிடுகிறது.

பேருந்து நிலையத்தில் ஒரு பிள்ளை தரையில் விழுந்து அலறுகிறது. தாய் அருகில் அமர்ந்திருக்கிறாள். அங்கே நிற்கிறவர்கள் செய்யத்தக்கது மிகச் சிலவே. சற்று விலகி இடம் விடுங்கள்; குரலைத் தாழ்த்துங்கள்; கைபேசியில் படம் பிடிக்கிறவரைத் தடுங்கள்; ‘ஏதாவது வேணுமாம்மா?’ என்று ஒரே தடவை கேட்டு, வேண்டாம் என்றால் நகர்ந்துவிடுங்கள். நாலு அடி கொடுத்தால் சரியாகிவிடும் என்னும் யோசனை மட்டும் எக்காரணத்தாலும் வேண்டாம். அது அடத்தால் வரும் அழுகையன்று. தாங்கும் எல்லை கடந்துவிட்டதற்கு அடையாளம்.

அந்தத் தாயின் மேல் பழி போடும் வழக்கத்தைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு. அதை மறைக்கப் போவதில்லை. தாயின் பாசக்குறைவே ஆட்டிசத்துக்குக் காரணம் என்னும் கொடிய கொள்கையை அமெரிக்காவில் புரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் ஒரு புத்தகமாகவே எழுதிப் பரப்பினார். அதற்கு மூன்றாண்டுகள் முன்பே, ஆட்டிச நிலையிலுள்ள ஒரு பிள்ளைக்குத் தகப்பனாராகிய பெர்னார்ட் ரிம்லாந்து என்னும் உளவியலாளர் அது உயிரியல் காரணங்களால் வருவது என்று தக்க சான்றுகளோடு நிறுவியிருந்தார். தடுப்பூசியால் வருகிறது என்று 1998-இல் லண்டன் மருத்துவ இதழொன்றில் வெளிவந்த கட்டுரை பொய்யானது என்று கண்டு அவ்விதழே 2010-இல் அதை விலக்கிக்கொண்டது. ஆனாலும் நம் வீடுகளில், கர்ப்பத்தில் அவள் அதைத் தின்றாள், இதைத் தின்னவில்லை, வேலைக்குப் போனாள், பிள்ளைக்குக் கைபேசியைக் கொடுத்தாள் என்று மாமியார் முதல் அண்டை வீட்டார் வரை சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். பூரண குணம் தருவதாகச் சொல்லி இந்தக் குற்ற உணர்ச்சியைக் காசாக்கும் வியாபாரிகளும் பெருகியிருக்கிறார்கள். குணப்படுத்துவதாக வாக்களிப்பவரிடம் பணம் கொடாதீர்கள்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டின் 1995-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசத்துக்கு இடமே இல்லை. 1999-இல் இயற்றிய தேசிய அறக்கட்டளைச் சட்டம் முதன்முதலாக அதை ஏற்றது. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், அங்கீகரித்த 21 வகைகளுள் ஒன்றாக அதைச் சேர்த்தது. 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு உண்டென்று சான்றிதழ் பெற்ற பிள்ளைகளுக்கு 6 வயது முதல் 18 வரை இலவசக் கல்விக்கு உரிமை உண்டு. முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கிவரும் மத்திய அரசின் தேசிய நிறுவனத்தில் பரிசோதனையும் வழிகாட்டுதலும் கிடைக்கின்றன. பலருக்கும் தெரியாத ஒன்று: பிள்ளைக்கு 18 வயது நிறைந்தவுடன் சட்டத்தின் பார்வையில் பெற்றோரும் தாமாகவே பாதுகாவலராக நீடிப்பதில்லை. தேவைப்படுகிறவர்கள் கலெக்டர் அங்கம் வகிக்கும் உள்ளூர்க் குழுவுக்கு விண்ணப்பித்துப் பாதுகாவலரை நியமித்துக்கொள்ளலாம். எல்லாருக்கும் அது தேவை என்பதில்லை. தம் காரியத்தைத் தாமே முடிவு செய்யக்கூடியவர் கையிலிருந்து அந்த உரிமையைப் பறிக்கக் கூடாது.

சட்டத்தால் தீராத கேள்வி ஒன்று உண்டு. ‘எங்களுக்கு அப்புறம் இவனை யாருங்க பார்த்துப்பாங்க?’ ஆட்டிச நிலைப் பிள்ளைகளின் பெற்றோர் கூடும் இடங்களில் எல்லாம் கடைசியாக வந்து நிற்பது இக்கேள்விதான். இதற்குப் பணமாக, விடுதியாக, அறக்கட்டளையாகப் பதில் தேடுகிறோம், அவையும் வேண்டியவையே. ஆயினும் டொனால்ட் டிரிப்லெட்டின் பெற்றோர் காலமான பின் அவர் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் நலமாக வாழ்ந்ததற்குக் காரணம், அவர் எந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வார், எதனால் கலங்குவார், காலையில் எங்கே காப்பி குடிப்பார் என்பதெல்லாம் ஓர் ஊருக்கே தெரிந்திருந்தது என்பதுதான். நம் நாட்டிலோ, பெரும்பாலான வீடுகளில், ஒரு பிள்ளையைப் பற்றிய இந்த ஞானம் முழுவதும் ஒரே ஒரு தாயின் மனத்துக்குள் அடங்கிக் கிடக்கிறது. அவள் ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் படுத்துவிட்டால், அந்தப் பிள்ளைக்கு எந்த டம்ளரில் பால் கொடுத்தால் குடிப்பான் என்பதை அறிந்தவர் வேறு ஒருவரும் இல்லை.

பெற்றோர்களை நான் வேண்டுவது, அந்த ஞானத்தை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள் என்பது: உண்பது, உடுப்பது, உறங்குவது, அஞ்சுவது, அமைதியடைவது, அவன் சொல்லும் சொற்களுக்கு அவன் கொள்ளும் பொருள், எல்லாவற்றையும். பேசவோ எழுதவோ கூடிய பிள்ளையாக இருந்தால் அவனைக் கேட்டே எழுதுங்கள். இந்தச் சபையில் அத்தையாக, மாமாவாக, சித்தப்பாவாக, பெரியம்மாவாக, பக்கத்து வீட்டுக்காரராக அமர்ந்திருப்பவர்களை நான் வேண்டுவது இன்னும் அதிகம். பரிதாபப்பட்டு விலகி நிற்காதீர்கள். இந்த வாரமே, முன்கூட்டித் தெரிவித்துவிட்டு, அந்த வீட்டுக்குப் போங்கள். அந்தக் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். வாரத்தில் ஒரு மாலை அந்தப் பிள்ளையோடு நீங்கள் இருந்து, பெற்றோரை வெளியே அனுப்புங்கள். முதல் சில வாரங்களில் அவன் உங்களைத் திரும்பிப் பார்க்காமலும் இருக்கலாம். ஆனாலும் சொன்ன நேரத்துக்குப் போய்க்கொண்டே இருங்கள்.